மூன்றாம் பிரஸ்ஸுக்குப் பின்னால்

கணபதி வட்டாரத்தில் லேத்துப் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்தின் கடைசியில் தம்பிதுரையின் கம்பெனி இருந்தது. பம்புசெட் மோட்டாருக்குள் அடுக்கும் வட்டத் தகடுகளை வெட்டிக்கொடுக்கிற இடம். உள்ளே வரிசையாக மூன்று பழைய பவர் பிரஸ். முதல்நாள் கெசியா வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோதே தரையின் அதிர்வு அவள் உள்ளங்காலில் ஏறியது. அடுத்த இரண்டு மாதமும் அந்த அதிர்வை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு மேசையில் கை வைத்தால்கூட அது கையில் ஏறியது.

கெசியா உளவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. தொழிலாளிகள் பாதுகாப்பு ஏற்பாட்டை ஏன் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவள் எடுத்த பொருள். ஒரு வருஷமாகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியும் யாரும் உள்ளே விடவில்லை. தம்பிதுரைக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டருக்காகப் பாதுகாப்புச் சான்று தேவைப்பட்டது; அதனால் கூப்பிட்டார்.

"வாங்க அம்மணி," என்று அவரே எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியநாயக்கன்பாளையம் பக்கம் தோட்டம் துரவு வைத்திருந்த குடும்பம். இவர் காலத்தில்தான் மிஷினுக்கு வந்தார்கள். பேச்சில் ஒரு சுடுசொல் வராது. "நான் அக்கட்ட திரும்புனாப் போதுங்க, அட்டையச் செருகிப்போடறாங்க. எத்தன தடவ சொல்றது? ஏன் இப்படிப் பண்றாங்கன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க. நெம்பப் புண்ணியமாப் போகும்."

பிரஸ்ஸை ஓட்ட இரண்டு கையும் வேண்டும். இடப்பக்கம் ஒரு பச்சைப் பொத்தான், வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே நிற்கும் டை என்கிற வெட்டு அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் டைக்கு அடியில் இருக்க முடியாது. அதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் இடப்பக்கப் பொத்தானை அமுக்கி, அதன் ஓரத்தில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால், அது அமுங்கினபடியே நின்றுவிடும். அப்புறம் வலது கை பொத்தானுக்கு, இடது கை தகட்டுக்கு. வேலை பறக்கும்.

மூன்று பிரஸ்ஸிலும் பெண்கள்தான். முதலாவதில் சென்னியம்மாள், பதினைந்து வருஷ அனுபவம். அடுத்ததில் சாஜிதா பேகம், வாய் ஓயாமல் பேசுகிறவர். மூன்றாவதில் லோகப்பிரியா, இருபத்தாறு வயது, வேலைக்கு வந்து எட்டு மாதம். மூவரையும் மேய்க்க சரவணன் என்ற சூப்பர்வைசர். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கு மேலேயும் ஒரு பலகையில், அந்த மணிநேரத்தில் வெட்டிய தகடுகளின் எண்ணிக்கை சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும்.

ஏன் செய்கிறாய் என்று ஆளைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும். கெசியா அதைக் கேட்கவில்லை. எது வந்தால் அட்டை வருகிறது, எது போனால் அட்டை போகிறது, அதை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். மூன்று விதமான நிலைமைகளை ஏற்படுத்தினாள். ஒன்று, சரவணன் தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று, ஆபரேட்டரின் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, வாய் திறக்காமல் நிற்பார். மூன்றாவது, அவர் கொட்டகையிலேயே இருக்க மாட்டார். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம். எந்த நிலைமை எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாள். அவர் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு பிரஸ்ஸுக்குப் பின்னாலும் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் போட்டாள்.

ஒரு நிபந்தனையும் எழுதிவைத்திருந்தாள். அட்டை செருகியிருக்கும்போது கை தகட்டின் ஓரத்தைத் தாண்டி டைக்கு அடியில் போனால் அந்த நொடியே மெயின் சுவிட்சை அணைப்பது. அதனால் எப்போதும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒரு கையில் தாள், மற்றொரு கை சுவிட்சில். பத்து வினாடிக்கு ஒரு கட்டம், அதில் அட்டை இருந்தால் ஒரு கோடு.

முதல் வாரம் முடிந்து கணக்குப் போட்டபோது அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். சரவணன் அறையில் இருந்தபோது அறுபதுக்கு நான்கு கட்டத்தில் அட்டை. ஆளே இல்லாதபோது இரண்டு. முதுகுக்குப் பின்னால் நின்றபோது ஐம்பத்தொன்று. மூன்று பெண்களுக்கும் அப்படித்தான். முதலாளி சொன்னதற்கு நேர்மாறு. யாரும் பார்க்காதபோது அவர்கள் ஒழுங்காக இரண்டு பொத்தானையும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் வந்து பின்னால் நின்றால்தான் இடது கை அட்டையைத் தேடியது.

லோகப்பிரியாவைத்தான் கெசியா அதிகம் கவனித்தாள். அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பதேயில்லை. சரவணன் சதுரத்தில் வந்து நின்றதும் தோள் ஒரு விரற்கடை உயரும். பிறகு இடது கை தானாக இறங்கி, பிரஸ் மேசைக்கடியில் கிடக்கும் அட்டையை எடுத்து, பொத்தான் ஓரத்தில் செருகிவிட்டுத் தகட்டுக்குப் போகும். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஒருதரம் கெசியா சுவிட்சை அணைத்துவிட்டு, அருகே போய்க் காட்டினாள்.

லோகப்பிரியா அட்டையையே பார்த்தாள். "நானாங்க வெச்சேன்?"

"ஆமா, இப்பத்தான்."

"இல்லீங்க மேடம். சாஜிதாக்கா வெச்சிருப்பாங்க."

சாஜிதா பேகம் பத்தடி தள்ளி, தன் பிரஸ்ஸில் இரண்டு கையும் வைத்தபடி நின்றார்.

என்ன கிடைக்கிறது இதனால்? அதையும் கெசியா கண்டுபிடித்தாள். சோதனை இல்லாத நேரங்களில், பலகையில் எண் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சரவணன் அடுத்த பிரஸ்ஸுக்கு நகர்ந்துவிடுவார். வருஷக்கணக்கில் அது அவர் பழக்கம். கையை வேகமாக ஓட்டினால் முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஆள் போய்விடுவார் என்பதைக் கைகள் கற்றுக்கொண்டிருந்தன. கையின் சொந்தக்காரிகளுக்குத்தான் அது தெரியாது.

தெரிந்தால் போதாது, காட்ட வேண்டும். எண் எத்தனையானாலும் சரி, நான்கு நிமிஷம் ஆனதும் நகர்ந்துவிடுங்கள் என்று சரவணனிடம் சொன்னாள். மூன்றே நாளில் அட்டை உதிர்ந்துபோனது. வரைபடத்தில் கோடு சரிந்து தரையோடு படுத்துக்கொண்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது தற்செயலாக நடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. பழையபடி எண் ஏறினால் மட்டும் நகருங்கள் என்று மறுபடி மாற்றினாள். முதல்நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் லோகப்பிரியாவின் இடது கை இறங்கியது.

அன்றைக்கு மதியம் வரைபடத் தாளில் கோடு விர்ரென்று மேலே ஏறியபோது கெசியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் பின்னால் பலதடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

தம்பிதுரையிடம் முடிவைக் காட்டப் போன நாளில் அவர் காபி வரவழைத்தார். அவள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். சரவணன் பின்னால் நிற்பதை நிறுத்த வேண்டும், பலகையைத் திருப்பி வைக்க வேண்டும், இரண்டே காரியம், அட்டை தானாகப் போய்விடும் என்றாள். அவர் விரல் தாளின் மேல் ஊர்ந்துபோய் ஒரு நீலக் கோட்டில் நின்றது.

"இது என்னங்க அம்மணி?"

"அது உருப்படி எண்ணிக்கை சார். சும்மா ஒப்பிட்டுப் பார்க்கப் போட்டேன்."

"சரவணன் நின்னா ஏறுதுங்களே."

"ஏறுது சார். கூடவே அட்டையும் ஏறுது பாருங்க. என்னைக்காவது ஒருநாள் யாருக்காவது கை போயிரும்."

"ஆமாங்க, ஆமாங்க." அவர் நீலக் கோட்டை இன்னொரு முறை நகத்தால் வருடிப் பார்த்தார். "இத்தன நாளா ஆளு நின்னா சுணங்குவாங்கன்னு நெனச்சுப்போட்டேன். சரிங்க. நாம பார்த்துப் பண்ணிக்கலாம். இந்தத் தாளு இருக்கட்டுங்களா?"

அவள் கொடுத்தாள். கிளம்பும்போது தோட்டத்துத் தேங்காய் பத்தை ஒரு பையில் போட்டு ஸ்கூட்டியில் மாட்டிவிடச் சொன்னார். இனி வர வேண்டியதில்லை, வேலை முடிந்தது என்பதை அவர் சொல்லவேயில்லை. வாட்ச்மேன்தான் கேட்டுக்குள் விடாமல் சொன்னார், இரண்டு நாள் கழித்து.

மூன்று வாரம் போனது. கெசியா ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். சாஜிதா பேகத்திடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க சொல்லித்தான் நிக்க வெச்சிருக்காங்கன்னு பேசிக்கறாங்க. நெசங்களா?"

"யார நிக்க வெச்சிருக்காங்க?"

"வந்து பாருங்க."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துப் பட்டறைச் சுவரோரமாகச் சாஜிதா அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார். பிரஸ்கள் நின்றிருந்தன. கெசியா சுண்ணக்கட்டியால் போட்ட மூன்று சதுரங்களும் அதே இடத்தில், அதே அளவில், மஞ்சள் பெயிண்டில் பளபளத்தன. கூரையில் புதிதாக ஒரு கேமரா. அது பிரஸ்ஸைப் பார்க்கவில்லை, சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு சதுரத்துக்கு இரண்டு புது ஆட்களைப் போட்டிருந்தார்கள். மூன்றாவது சரவணனுக்கு.

சரவணன் ஓர் ஓரமாக டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"எனக்கு மட்டும் ஆசைங்களா மேடம்? இந்த மஞ்சக் கட்டத்த உட்டு ஒரு அடி நகர்ந்தா மேல இருந்து போன் வருதுங்க. எண்ணு ஏறுனா போன் வாரதில்ல." கேமராவைப் பார்க்காமலேயே அதன் பக்கம் தாடையைக் காட்டினார். "உங்க பேப்பர முதலாளி அவரு ரூம்ல சுவத்துல ஒட்டி வெச்சிருக்காருங்க."

கெசியா அங்கிருந்தே முதலாளி அறைக்குப் போனாள். தம்பிதுரை அன்றும் மரியாதையாகவே பேசினார். ஆபத்தை அவள் சொன்னபோது, கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்றார். கையுறை டையை நிறுத்தாது என்றாள். "உங்க ஆராய்ச்சி நல்லபடியா முடிஞ்சுதுங்களே அம்மணி," என்றார். "மத்தத நாங்க பார்த்துக்கறோம்."

அன்று மாலையே தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுதி, அனுப்பவில்லை. கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில், அவர்கள் அனுமதியில்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது என்றிருந்தது. அனுமதி போனால் தரவு போகும். தரவு போனால் மூன்று வருஷம் போகும். கருத்தரங்குக்கு இன்னும் பத்து நாள். அது முடியட்டும், முறைப்படி எழுதலாம். துறைத் தலைவர் ஜெபமணியிடம் கேட்டுவிட்டு அனுப்பலாம். ஒவ்வொரு காலையும் மடிக்கணினியைத் திறந்ததும் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஆறு நாள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மண்டியிட்டபோது ஜெபத்துக்குப் பதிலாகப் பத்து வினாடிக்கொரு தரம் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு சாஜிதாவின் போன். பின்னணியில் பிரஸ் சத்தமே இல்லை. அந்த நிசப்தத்திலேயே கெசியாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ரெண்டு விரலுங்க மேடம்," என்றார் சாஜிதா. "லோகுவுக்கு. எடது கை. கத்தக்கூட இல்லீங்க. கைய எடுத்துப் பார்த்துட்டு, மறுபடியும் தகட்ட எடுக்கப் போனா."

அன்றைக்கே கெசியா ஆய்வாளருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பினாள்; அதற்கு இனி யாருக்கும் அவசரமில்லை.

நான்காம் நாள் தம்பிதுரை போனில் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது, நடிப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் தானே பார்ப்பதாகச் சொன்னார். "விசாரணைக்கு வாராங்க அம்மணி. நீங்க ஒரு உதவி பண்ணோணும். அட்டைய அந்தப் புள்ள எத்தன தடவ தானா வெச்சுதுன்னு உங்க பேப்பர்ல இருக்குதுங்களே. அந்த எண்ண மட்டும் ஒரு லெட்டர்ல எழுதிக் குடுத்துருங்க. மத்ததெல்லாம் வேண்டாம்."

"எந்த நிலைமையில வெச்சாங்கன்னும் அதுலயே இருக்கு சார்."

"அது எதுக்குங்க. வெச்சது அந்தப் புள்ள கைதானே?"

ஜெபமணி வேறொன்று சொன்னார். அந்தப் பெண்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில், யார் பெயரையும் யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றிருக்கிறது. அதனால் யாருக்கும் எதையும் கொடுக்காதே, ஒதுங்கிக்கொள். அப்படி ஒதுங்கினால் தம்பிதுரையின் வார்த்தை மட்டும்தான் நிற்கும். லோகப்பிரியாவே அனுமதித்தால் தவிர.

லோகப்பிரியா பெரியநாயக்கன்பாளையத்தில் அக்கா வீட்டில் இருந்தாள். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கெசியா உள்ளே போனதும் எழப் பார்த்தாள்.

"என்ற தப்புத்தானுங்க மேடம். அட்டைய வெச்சது நாந்தான்னு கேமராவுல போட்டுக் காமிச்சாங்க, ஓரத்துல தெரியுதுங்க. என்ற கைதான். ஆனா எனக்கு நெனவே இல்லீங்க."

கெசியா தாள்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். முதல் வாரத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். ஆள் இல்லாதபோது உன் கை அட்டையைத் தொடவே இல்லை. பின்னால் நின்றால்தான் தொட்டது. நின்றவரைப் போகச்செய்ய உன் கைக்குத் தெரிந்த ஒரே வழி அது. நான்கு நிமிஷத்தில் அவர் போய்விடுவார் என்று வைத்தபோது நீ விட்டுவிட்டாய். அதன் பிறகு, பழையபடி திரும்புகிறதா என்று பார்க்க, நான்தான் மறுபடி மாற்றினேன். நிற்கிற இடத்தில் முதலில் சுண்ணக்கட்டி போட்டதும் நான்தான். அந்தத் தாளை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்ததும் நான்தான்.

அடுக்களையில் குக்கர் விசிலடித்து அடங்கியது. லோகப்பிரியா தாளில் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மூன்று" என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்டுப்போட்டேன்ல," என்றாள். "அந்த மூணு நாளு. நானே உட்டுப்போட்டேன்ல?"

"ஆமா."

"அப்பறமும் எதுக்குங்க மறுபடி மாத்துனீங்க?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பதில்.

"தெரியல," என்றாள் கெசியா. "தெரியும். ஆனா சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல."

லோகப்பிரியா வலது கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். "என்ற பேரப் போட்டே குடுங்க. மூணுன்னு போட வேண்டாம்," என்று சொல்லி அனுமதித் தாளில் கையெழுத்திட்டாள். கெசியா வெளியேறும்போது அவள் தலை நிமிரவில்லை.

விசாரணையில் கெசியா எல்லாத் தாள்களையும் வைத்தாள். நிலைமை, நேரம், கை, அட்டை, உருப்படி, மஞ்சள் சதுரத்தின் புகைப்படம். கோடு எதனால் இறங்கியது, எதனால் ஏறியது என்று அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க சோதனை பண்ணப்ப அந்தப் பெண்ணுக்கு ஒண்ணும் ஆகலியே, எப்படி?" என்றார்.

"சுவிட்சுக்குப் பக்கத்துல நான் நின்னேன் சார்."

"நீங்க போனதுக்கப்புறம்?"

அவள் மஞ்சள் சதுரத்தின் புகைப்படத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் எழுதிக்கொண்டார்.

தவறு தொழிலாளியுடையது அல்ல என்று தீர்ப்பாயிற்று. லோகப்பிரியாவுக்குச் சட்டப்படி வர வேண்டியது வந்தது. மூன்று பிரஸ்ஸுக்கும் அட்டை செருக முடியாத புதுப் பொத்தான் போட உத்தரவு. சரவணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் ஒருவர்தான் அப்படி நிறுத்தப்பட்டவர். ஒப்பந்தத்தை மீறியதற்காகக் கம்பெனி அனுமதியை ரத்து செய்தது. கெசியாவின் மூன்று வருஷம் அவள் பயந்தபடியே போனது. அவள் புதிதாக வேறொரு தலைப்பு தேட ஆரம்பித்தாள். சென்னியம்மாள் மட்டும் எப்போதாவது போன் செய்வார். இப்போது பொத்தான் நல்ல பொத்தானுங்க, ஆனா பின்னால ஆளு நிக்கறது மட்டும் நிக்கலீங்க என்பார்.

ஆவணி மாதம் ஒருநாள் துறை நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது தேஜா வந்தாள். கெசியாவுக்கு ஒரு வருஷம் இளைய ஆராய்ச்சி மாணவி. இவளைப் போலவே இடம் கிடைக்காமல் அலைந்தவள். முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, எனக்கு இடம் கெடச்சிருச்சுங்க்கா! மதுக்கரைப் பக்கம் ஒரு கம்பெனி. நான் கேக்கவேயில்ல, அவங்களே டிபார்ட்மென்ட்டுக்குப் போன் பண்ணாங்க. முதலாளி அவ்வளவு மரியாதையாப் பேசறாருங்க்கா."

"என்ன பார்க்கச் சொன்னாரு?"

"ஆளு எங்க நின்னா, எவ்வளவு நேரம் நின்னா உற்பத்தி ஏறுதுன்னு. நிக்கறது, நிக்காதது, மறுபடி நிக்கறது. உங்க டிசைன்தானுங்க்கா. உங்க பேரச் சொன்னேன், அவருக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு."

கெசியா புத்தகத்தை மூடினாள். "உட்காரு தேஜா," என்றாள். "உனக்கு ஒண்ணு சொல்லணும். முழுசாக் கேளு. எந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்காங்க?"

தேஜா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"போன திங்கக்கிழமையே ஆரம்பிச்சுட்டேனுங்க்கா."